நிமிர்ந்து பார்த்தால் ஒரு கோடு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெயர் செல்வராணி. கடைசி ஒன்பது வருஷம் கிட்டார் பெட்டிகளைச் சோதித்து அனுப்புகிற பிரிவில் இருந்தேன். இப்போது அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற ஜெனிபர் போன வாரம் போன் செய்தாள்.

"அக்கா, புதுசா மூணு இன்ஜினியருங்க வந்துகிறாங்க. கம்ப்யூட்டரே எல்லாத்தையும் அளந்து சொல்லுதே, அப்புறம் எதுக்கு வெளியாளைக் கூப்ட்டு வாசிக்கச் சொல்லிட்டு நாம கையைக் கட்டிக்கினு நிக்கணும்னு கேக்கறாங்க. எனக்குச் சரியா சொல்ல வரல. நீங்கதான் அப்ப இருந்தீங்க. எழுதிக் குடுங்களேன்."

சரி என்றேன். ஒரே தடவையில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நாலு நாள் ஆகிவிட்டது.

என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பன்னிரண்டாவது முடித்த கையோடு நான் ஸ்டெபிலைசர் செய்கிற கம்பெனியில் சேர்ந்தேன். ஆறு வருஷம் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றினேன். அப்புறம் சால்டரிங். போர்டில் பொடிப்பொடியாகப் பாகங்களை ஒட்டுகிற மெஷின் வந்ததும் சால்டரிங்கில் பாதிப் பேரை வேறு வேலைக்கு மாற்றினார்கள். என்னைச் சோதனை மேஜைக்கு அனுப்பினார்கள். மீட்டரைப் பார்க்கவும், மின் அலையைக் காட்டுகிற ஸ்கோப் திரையில் ஓடுகிற பச்சைக் கோட்டைப் படிக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர்களைவிட எரிந்துபோன போர்டுகள்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தன.

ஸ்டெபிலைசர் ஆர்டர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தன. ஏசி, பிரிட்ஜ் எல்லாம் அதை உள்ளேயே வைத்துக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டன. லைனில் நாற்பது பெண்கள். எல்லோரும் சுற்றுவட்டாரம்தான். எங்கள் முதலாளி ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே நம்ம பேர்லயே ஒரு சாமான் செய்யப்போறோம். கிட்டார் பெட்டி" என்றார். எங்களில் ஒருத்திக்கும் அது என்னவென்று தெரியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எலெக்ட்ரிக் கிட்டாரைச் சும்மா மீட்டினால் கொசு கத்துகிற மாதிரிதான் கேட்கும். அதை ஆம்ப் என்கிற பெரிய பெட்டியில் செருகினால்தான் சத்தம். ஒவ்வொரு ஆம்புக்கும் ஒரு குரல் உண்டு. ஒன்று தேன் மாதிரி ஒழுகும், ஒன்று கரகரவென்று சண்டை போடும். வாசிக்கிறவர்கள் அந்தக் குரலுக்காக இரண்டு பேர் தூக்குகிற கனத்தைச் சுமந்துகொண்டு அலைவார்கள். நாங்கள் செய்யப் போனது, அந்தக் குரல்களையெல்லாம் ஒரு சிப் கணக்குப் போட்டு உண்டாக்குகிற பெட்டி. தரையில் வைத்துக் காலால் மிதிக்க வேண்டும். ஒரு சுவிட்சை மிதித்தால் தேன், இன்னொன்றை மிதித்தால் சண்டை.

இந்த வேலையை நடத்த வந்த இன்ஜினியர்தான் நர்மதா மேடம். பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பு விவசாயம் செய்கிற குடும்பம். என்னைவிடப் பதினான்கு வயசு சின்னவர். முதல் நாளே என்னை "அக்கா" என்றார். நான் "மேடம்" என்றேன். கடைசிவரை அப்படியே இருந்தது.

அவருடைய நோட்டைப் பற்றி எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. பென்சிலில்தான் எழுதுவார், ஆனால் ரப்பர் வைத்துக்கொள்ள மாட்டார். தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. அடித்தது என்னவென்று அடுத்தவர் படிக்க முடிய வேண்டும். "நேத்து நாம இன்னா நினைச்சோம்னு இன்னிக்குத் தெரியணும்கா. அழிச்சிட்டா, தப்பு எங்கேர்ந்து வந்துதுன்னு எப்பிடித் தேடறது?" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதையாவது பார்த்து "ஃபெயில்" என்று சொன்னதும் இல்லை. "இன்னும் தெரியல" என்பார். அந்த வார்த்தைக்கு நாங்கள் திட்டுக்குப் பயப்படுவதைவிட அதிகம் பயந்தோம், ஏனென்றால் தெரிகிறவரை விடமாட்டார்.

ஒரு வருஷத்தில் இரண்டு பெட்டிகள் தயாராயின. மாதிரிக்குத்தான். இரண்டில் ஒன்றைத்தான் லைனுக்கு எடுக்க முடியும்.

பெரிய பெட்டி பிரபாகர் செய்தது. பிரபாகர் எங்கள் புரோகிராம் இன்ஜினியர். கெட்டிக்காரர். உள்ளே இரண்டு சிப். ஒரே நேரத்தில் இரண்டு ஆம்ப் குரல்களைச் சேர்த்து ஓடவிட்டு, அதன்மேல் எதிரொலி, கோயில் மண்டபத்துக்குள் வாசிக்கிற மாதிரி ஒரு முழக்கம், எல்லாவற்றையும் அடுக்கினாலும் சிப்புக்கு மூச்சு வாங்காது. எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற மீட்டர் பாதியைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை. அதில் வந்த சத்தத்தை முதல் தடவை கேட்டபோது எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. பொய்யில்லை.

சின்ன பெட்டியில் ஒரே சிப். ஒரு ஆம்ப், ஒரு ஸ்பீக்கர் குரல், ஒரு எதிரொலி. அதற்கே மீட்டர் சிவப்பைத் தொட்டுவிடும். இன்னொன்றைச் சேர்க்கப் போனால் "இடமில்லை" என்று திரையில் எழுதும். ஆனால் அதன் முகத்தில் ஆறு திருகுகள், நாலு மிதி சுவிட்ச், அவ்வளவுதான். எது எதற்கு என்று பார்த்தாலே தெரியும். பெரிய பெட்டியில் எல்லாம் திரைக்குள் இருந்தது. ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கம், அதற்குள் இன்னொன்று.

இரண்டையும் ஒப்பிடுவதற்கு மேடம் இரண்டு சோதனை வைத்தார். முதல் சோதனை மேஜைமேல், மெஷின் வைத்து. அது என் வேலை. அதில் பெரிய பெட்டி சுலபமாக ஜெயித்தது.

இரண்டாவதுதான் ஜெனிபர் கேட்கிற கை கட்டுகிற சோதனை. அதை எப்படிச் செய்தோம் என்று ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

பெட்டி தொழிற்சாலையிலிருந்து போகிற நிலையிலேயே இருக்க வேண்டும். முன்னாடியே எதையும் திருகி வைக்கக் கூடாது. வாசிக்கிறவர் தன் சொந்த கிட்டாரை, தன் சொந்த வயரைக் கொண்டுவர வேண்டும். அவரிடம் ஒரே ஒரு தாள் கொடுப்போம். மென்மையாக ஒரு சத்தம் வையுங்கள், கரகரப்பாக ஒரு சத்தம் வையுங்கள், இரண்டையும் இரண்டு சுவிட்சில் பதிந்து வையுங்கள். அவ்வளவுதான் இருக்கும். செய்முறைப் புத்தகம் கிடையாது. தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். பெட்டியைச் செய்தவர்கள் எல்லோரும் அதற்குப் பின்னால், கையைப் பின்பக்கம் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, இருமக்கூடக் கூடாது என்பார் மேடம்.

நான் மட்டும் பக்கவாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். கையில் ஸ்டாப்வாட்ச், மடியில் தாள். வாசிக்கிறவரின் விரல் எங்கே தயங்குகிறது என்று எழுத வேண்டும். முக்கியமாக, அவர் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்து உதவி கேட்கிற மாதிரி எங்களை நிமிர்ந்து பார்த்தால், ஒரு தடவைக்கு ஒரு கோடு.

"நல்லாருக்குதான்னு கேட்டா எல்லாரும் நல்லாருக்குதுன்னுதான் சொல்லுவாங்க" என்றார் மேடம். "கழுத்து பொய் சொல்லாதுக்கா."

ஒருவர் ஒருவராக வந்தார்கள். ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறவர், காலேஜ் பெண், பாட்டு வாத்தியார். எனக்கு மறக்காதவர் ஞானராஜ் அண்ணன். எங்கள் சர்ச்சில் பல வருஷமாக கிட்டார் வாசிக்கிறவர், அங்கே பாடகர் குழுவில் நான். வாரநாட்களில் இங்கேயே ஒரு இரும்பு ரோலிங் மில்லில் கிரேன் ஆபரேட்டர். ஐம்பதைத் தாண்டியவர், தடித்த விரல்கள்.

சின்ன பெட்டியைக் கொடுத்தோம். ஒரு கோடு விழுந்தது. அதுவும் கரண்ட் வயரை எங்கே செருகுவது என்று.

பெரிய பெட்டியைக் கொடுத்தோம். நின்றபடி திரையைப் பார்த்தார். எழுத்து பொடியாக இருந்தது. குனிந்தார். குனிந்தால் கண்ணாடி வேண்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கத்தைத் திறந்தார், உள்ளே போனார், வெளியே வரத் தெரியவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அவரைச் சின்ன வயசிலிருந்து தெரியும், ஆனால் நான் வாயைத் திறக்கக் கூடாது. கோடு போட்டேன். பன்னிரண்டாவது கோட்டில் அவர் கிட்டாரைக் கழற்றி நாற்காலியில் சாய்த்துவிட்டார்.

பிரபாகருக்கு முகம் சிவந்துவிட்டது. கோட்டைத் தாண்டி வந்தார். "மேடம், புக்கைக் குடுத்திருந்தா அவர் அஞ்சு நிமிஷத்துல பண்ணியிருப்பாரு."

மேடம் ஞானராஜ் அண்ணனைப் பார்த்தார்.

"கோச்சிக்காத தம்பி" என்றார் அண்ணன். "நான் கிரேன் கேபின்ல உக்காந்துகினா லிவரைப் பாக்க மாட்டேன். கொக்கியைத்தான் பாப்பேன். லிவரை நான் குனிஞ்சி பாத்துக்கினு இருந்தா, கீழ நிக்கிறவன் தலைமேல சரக்கு இறங்கிடும். வாசிக்கும்போதும் அப்பிடித்தான். நான் பாட்டைப் பாக்கணும். உன் பொட்டி இன்னாடான்னா, என்னைப் பாரு என்னைப் பாருன்னுது."

பிரபாகர் வெளியே போய்விட்டார். மேடம் அண்ணன் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதிக்கொண்டார்.

மொத்தக் கணக்கையும் பார்த்த முதலாளி சின்ன பெட்டிதான் என்று சொல்லிவிட்டார். லைனில் ஒரே சந்தோஷம். அதைச் செய்வது சுலபம், பாகங்களும் கையில் இருந்தன, அடுத்த வாரமே தொடங்கிவிடலாம். மேடம் மட்டும், "சார், ஒரு தபா நிஜமான கூட்டத்துல வாசிச்சிப் பாத்துடலாம்" என்றார். முதலாளிக்கு அவசரம், ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. வாசலில் வாழைத்தார், பூசணிக்காய், கட்டுக் கட்டாகக் கரும்பு. உள்ளே நிற்க இடமில்லை. ஞானராஜ் அண்ணன் சின்ன பெட்டியைக் காலடியில் வைத்திருந்தார். மேடம் காலைச் சாப்பாட்டைக்கூட முடிக்காமல் பள்ளிப்பட்டிலிருந்து நேராக வந்து, கடைசி பெஞ்சில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இந்து, ஆனால் எங்கள் ஆட்களைப் பார்த்து அவர்கள் செய்கிற மாதிரியே செய்தார்.

பாட்டு மென்மையாக ஆரம்பித்தது. கிட்டார் தேனாக ஒழுகியது. எனக்குப் பெருமையாக இருந்தது, என் மேஜையில் உட்கார்ந்திருந்த பெட்டி அல்லவா. பல்லவிக்கு நாங்கள் குரலை மேலே எழுப்ப வேண்டும். கிட்டார் கரகரப்புக்கு மாறி ஒரு சுருதியைக் கொடுக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பெண்கள் எழும்புவோம். அப்படித்தான் ஒத்திகை.

அண்ணன் சுவிட்சை மிதித்தார்.

சத்தம் இல்லை.

கண்ணிமைக்கிற நேரம்தான். அதற்குள் புதுச் சத்தம் வந்துவிட்டது. ஆனால் அந்த இமைக்கிற நேரத்தில் நாங்கள் பிடிக்க வேண்டிய சுருதி இருந்தது. முன்னால் ஒழுகிக்கொண்டிருந்த எதிரொலியும் கத்தரித்த மாதிரி அறுந்துபோயிற்று. பாதிப் பேர் மேலே போனார்கள், பாதிப் பேர் கீழே போனோம். நான் கீழே போனவள். சபையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பல்லவிக்கும் அதே பள்ளம். மூன்றாவது தடவை அண்ணன் சுவிட்சை மிதிக்கவே இல்லை, மென்மையான சத்தத்திலேயே பாட்டை முடித்துவிட்டார்.

எங்கள் சோதனையில் இது ஏன் தெரியவில்லை என்று அங்கே நிற்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சோதனை அறையில் எல்லோரும் ஒரு சத்தத்தை வாசிப்பார்கள், நிறுத்துவார்கள், மிதிப்பார்கள், அடுத்ததை வாசிப்பார்கள். வாசித்துக்கொண்டே மிதித்தவர் ஒருவரும் இல்லை.

ஆனால் அதைவிட மோசமான ஒன்றும் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பள்ளத்தை நான் முன்னாலேயே பார்த்திருந்தேன்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் மேஜையில் சின்ன பெட்டிக்கு ஒரே சீரான ஓசையைக் கொடுத்துவிட்டு ஸ்கோப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ வேலையாக விரலால் சுவிட்சை அமுக்கினேன். பச்சைக் கோடு ஒரு நொடி தட்டையாகி மறுபடி எழுந்தது. வயர் லூஸ் என்று நினைத்தேன். வயரை ஆட்டிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. சுவிட்சை மறுபடி அமுக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. தாளில் எழுதவும் இல்லை. காலை நாஷ்டா நேரம், எழுந்து போய்விட்டேன்.

பண்டிகை ஆராதனை முடிந்து பிரியாணி சாப்பிட உட்கார்ந்தும் எனக்கு இறங்கவில்லை. லைனில் இருக்கிற நாற்பது பேரின் முகமும் வந்துபோனது. பெட்டி நின்றுபோகும், நான் சொல்லாவிட்டாலும் காரணத்தை மேடம் கண்டுபிடித்துவிடுவார், நான் பார்த்தது மட்டும் யாருக்கும் தெரியாது. தெரியாமலே போகட்டும் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. எழுதுவதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை மேடம் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் என்னை உட்காரச் சொன்னார். நோட்டை எடுத்தார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், கேள்வி கேட்க ஆரம்பித்தார். "எந்த நாள்கா? எந்த வயர்? விரலால அமுக்கினது எத்தினியாவது சுவிட்ச்? கோடு தட்டையானது சுவிட்சை அமுக்கும்போதா, வுடும்போதா?" ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியில் நோட்டை என் பக்கம் திருப்பினார். நான் படித்தேன். 'செல்வராணி அக்கா பார்த்தார். எழுதவில்லை. வயர் லூஸ் என்று நினைத்தார்.' அதன் கீழே இன்னொரு வரி: 'காரணம் தெரியாததை எழுத நான் போட்ட தாளில் இடம் இல்லை. தாள் தப்பு.'

"மேடம், தாள் இன்னா பண்ணும்? தப்பு என்னுதுதானே" என்றேன்.

"உங்க தப்பு மேல எழுதியிருக்கேன் இல்ல? இது என்னோடது" என்றார். அன்று மத்தியானமே சோதனைத் தாள் மாறியது. வலது ஓரத்தில் ஒரு கட்டம் புதிதாக வந்தது. தலைப்பு: 'ஏன் என்று தெரியவில்லை'. இன்றைக்கும் அந்தக் கட்டம் இருக்கிறது என்று ஜெனிபர் சொன்னாள்.

பள்ளம் ஏன் விழுகிறது என்பதை மேடமும் நானும் அன்றே மேஜையில் பார்த்துவிட்டோம். சின்ன பெட்டியின் சிப் ஒரு குரலைத் தாங்குவதற்கே திணறுகிறது. அடுத்த குரல் வேண்டுமென்றால் இருப்பதை இறக்கிவைத்துவிட்டுத்தான் புதிதை ஏற்ற முடியும். அந்த நேரத்தில் கை காலியாக இருக்கும். அதுதான் சத்தம் இல்லாத நேரம். இரண்டு குரல்களையும் ஒரே நேரத்தில் தாங்கினால்தான் பள்ளம் இல்லாமல் மாறலாம். அந்தச் சக்தி பெரிய பெட்டியில்தான் இருந்தது.

மறுநாள் முதலாளி அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். மேடம் சொன்னார்: "சின்ன பெட்டியோட முகத்தை வெச்சிக்கலாம். அதே ஆறு திருகு, நாலு சுவிட்ச். உள்ளே பெரிய பெட்டியோட ரெண்டு சிப். ஒரு சிப் வாசிக்கட்டும். இன்னொரு சிப் அடுத்த சத்தத்தை ஏத்தி வெச்சிக்கினு ரெடியா நிக்கட்டும். மிதிச்ச உடனே அது வாசிக்கும், பழசு மெதுவா அடங்கும்."

பிரபாகர் எழுந்துவிட்டார். "மேடம், ஒரே நேரத்துல ரெண்டு ஆம்ப் ஓட்றதுக்காக நான் ஒரு வருஷம் உழைச்சிருக்கேன். அதுல பாதியை சும்மா நிக்க வைக்கச் சொல்றீங்களா?"

"சும்மா இல்ல பிரபா. காத்துக்கினு நிக்கும்."

"வெளிய யாருக்கும் தெரியாதே அது!"

"தெரியக் கூடாது" என்றார் மேடம்.

பிரபாகர் அந்த வாரம் முழுக்க யாரோடும் பேசவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. அவருடைய பெட்டியில் இருந்த குரல்களை அவர் ஒவ்வொன்றாக, நிஜ ஆம்புகளை வாடகைக்கு எடுத்துவந்து, காது வலிக்க வலிக்கக் கேட்டுச் செய்தவர். அது எனக்குத் தெரியும்.

முதலாளிக்கு வேறு கவலை. விலை கூடும், நாளும் தள்ளிப்போகும். "அதுவரைக்கும் லைனுக்கு இன்னா வேலை குடுக்கிறது?" என்று கேட்டார். மேடம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "இப்பிடியே அனுப்பினா அடுத்த வருஷம் அத்தினியும் திரும்பி வரும் சார். அப்ப இவங்களுக்குக் குடுக்க வேலையே இருக்காது." முதலாளி பொங்கல்வரை நேரம் கொடுத்தார். அதுவரை பழைய ஸ்டெபிலைசர்களைப் பழுதுபார்க்கிற வேலையை வெளியிலிருந்து வாங்கி லைனை ஓட்டினார். அவரையும் குறை சொல்ல முடியாது.

பிரபாகரை மேடம் வற்புறுத்தவில்லை. ஞானராஜ் அண்ணனிடம் பேசி, மில்லில் அனுமதி வாங்கி, ஒரு பகல் ஷிஃப்டுக்கு அவரைக் கிரேன் பார்க்க அனுப்பிவைத்தார். அங்கே நடந்ததை அண்ணன்தான் பிறகு என்னிடம் சொன்னார். பிரபாகர் கேபினுக்குள் அண்ணனுக்குப் பின்னால் ஓரமாக நின்றிருக்கிறார். காலையிலிருந்து மத்தியானம்வரை அண்ணன் ஒரு தடவைகூட லிவரைக் குனிந்து பார்க்கவில்லை. பிரபாகர் வெளியே பார்ப்பதை விட்டுவிட்டு அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இறங்கும்போது கேட்டிருக்கிறார்: "அண்ணா, கிரேன்மேல இருபது டன்னுன்னு போட்டிருக்கு. நீங்க காலையிலேர்ந்து எட்டு டன்னுக்கு மேல தூக்கவே இல்லியே. மீதி எதுக்கு?"

"எட்டு டன்னு கிரேன்ல எட்டு டன்னு தூக்கினா எப்பவும் பேஜாரு தம்பி. எப்ப இன்னா ஆவுமோன்னு மனசு அங்கியே இருக்கும். இது அப்பிடி இல்ல. தூக்கறது கிரேனுக்கே தெரியாது. நான் கொக்கியைப் பாத்துக்கினு இருக்கலாம்."

அடுத்த நாள் காலை நான் உள்ளே வரும்போது பிரபாகர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். பெரிய பெட்டியின் மெனுப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அக்கா, சின்ன பெட்டி சுவிட்சை அமுக்கி அந்தக் கோடு தட்டையாகறதை எனக்கு ஒரு தடவை காட்டுங்க" என்றார். காட்டினேன். அன்றையிலிருந்து அவர்தான் எங்கள் எல்லோரையும்விட வேகமாக வேலை பார்த்தார். ஒரு குரல் அடங்குவதும் இன்னொன்று எழுவதும் எப்படி இருக்க வேண்டும் என்று நாள் முழுக்க எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, பள்ளம் தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும். முதல் வாரம் என் கை கீழே இறங்கவே இல்லை.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது கை கட்டுகிற சோதனையை மறுபடி வைத்தோம். இந்தத் தடவை தாளில் நாலாவதாக ஒரு வரி சேர்த்திருந்தோம்: 'வாசிப்பதை நிறுத்தாமல் சத்தத்தை மாற்றுங்கள்.' முதலாளியும் வந்தார். மேடம் அவரையும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிரபாகருக்குப் பக்கத்தில் நின்றார்.

ஞானராஜ் அண்ணன் மில்லிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டையில் இரும்புத் தூசி. கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. திருகுகளைத் திருப்பினார், காது கொடுத்தார், கொஞ்சம் பின்னால் திருப்பினார். இரண்டு சுவிட்சிலும் பதிந்தார். அப்புறம் அறுப்பின் பண்டிகைக்கு வாசித்த அதே பாட்டை ஆரம்பித்தார்.

பல்லவி வந்தது. அவர் கால் எழுந்து இறங்கியதை நான் பார்த்தேன். கிட்டார் கரகரப்பாக எழுந்தது. தேன் சத்தம் அதற்கு அடியில் கொஞ்ச நேரம் இருந்து, தானாக அடங்கியது. என் வாய் என்னை அறியாமல் பெண்கள் குழுவின் சுருதியைப் பிடித்துப் பாட ஆரம்பித்துவிட்டது. சோதனையில் பேசக்கூடாது என்பதே மறந்துபோயிற்று. மேடம் என்னைத் தடுக்கவில்லை.

பின்னாலிருந்து பிரபாகர் கிசுகிசுப்பாகக் கேட்டார்: "அக்கா, இப்ப மாறிச்சா?"

"மாறிடுச்சு சார்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழித்து லைன் ஓடத் தொடங்கியது. நாற்பது பேரில் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, அடுத்த வருஷம் இன்னும் பதினாறு பேரைச் சேர்த்தார்கள். திரும்பி வந்த பெட்டிகளும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சத்தம் மாறும்போது பள்ளம் விழுகிறது என்று ஒன்றுகூட வந்ததில்லை. அதே சமயத்தில் வேறு கம்பெனிகள் இன்னும் பெரிய சிப், இன்னும் நூறு குரல் என்று போட்டார்கள். எங்கள் பெட்டியின் விளம்பரத்தில் எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. விற்கப் போன ஆட்கள் அதற்காக மேடத்திடம் சண்டை போட்டது எனக்குத் தெரியும். மேடம், "கடையில வெச்சி வாசிக்கச் சொல்லுங்க, நீங்க கையைக் கட்டிக்கினு நில்லுங்க" என்று சொல்லி அனுப்புவார்.

பிறகு மேடம் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். பிரபாகர் இன்று அந்தக் கம்பெனியின் பெரிய இன்ஜினியர். எத்தனையோ அதிகாரிகளுக்குக் கீழே நான் வேலை செய்திருக்கிறேன். செய்த தப்பைச் சொல்லப் போய், போனதைவிட நிமிர்ந்து திரும்பி வந்தது நர்மதா மேடம் அறையிலிருந்து மட்டும்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, எதையும் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று நேற்று ஆராதனை முடிந்து ஞானராஜ் அண்ணனைப் பிடித்தேன். அவரும் மில்லில் ஓய்வு பெற்றுவிட்டார். வாரா வாரம் அதே பெட்டியில்தான் வாசிக்கிறார். "அண்ணே, அதுக்குள்ள எத்தினி சிப் கீதுன்னு உங்களுக்கு அப்ப சொன்னோமா?" என்று கேட்டேன்.

"சிப்பா?" என்று என்னை விநோதமாகப் பார்த்தார். "அதெல்லாம் யாருக்குத் தெரியும் ராணிம்மா. மிதிச்சா வருது."

வீட்டுக்கு வந்ததும் மேடத்துக்குப் போன் போட்டு அதைச் சொன்னேன்.

"இருங்கக்கா" என்றார். "பென்சில் எடுத்துக்கறேன். அவர் இன்னா வார்த்தை சொன்னாரோ, அதை அப்பிடியே சொல்லுங்க."